கண்ணுக்குள் கசிந்த ரத்தம்

எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தபோது வயது இருபத்தொன்று. எங்கள் ஊர் குன்னத்தில் அம்மாவையும் என்னையும் தவிர யாருக்கும் அது தெரியாது. பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். எனக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. நிச்சயமான மறுவாரமே மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

"இதுல என்ன இருக்கு? ஊருல பாதிப் பேருக்கு இருக்கு. அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார்.

சொல்லவே இல்லை. கல்யாணமாகி ஆண்டிமடம் போன பிறகும், துணிப்பைக்குள் மறைத்து வைத்துத்தான் மாத்திரை விழுங்கினேன். ஜெயங்கொண்டத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கும் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். அதனால் ஒளிப்பது சுலபமாக இருந்தது.

இரண்டாம் வருடம் கருத்தரித்தேன். டாக்டர் மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஊசிக்கு மாற்றினார். இன்சுலினை அரிசி டிரம்மில் வைக்க முடியாது. பிரிட்ஜில் வைத்தேன். மறுநாளே மாமியார் அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னடி இது?"

"இன்சுலின், அத்தை. எனக்கு சுகர் இருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே அவருகிட்ட சொல்லிட்டேன்."

அவர் மகனைப் பார்த்தார். மகன் செல்போனைப் பார்த்தார்.

"சீக்காளியப் புடிச்சு என் புள்ள தலைல கட்டிட்டாங்களே" என்று ஆரம்பித்தவர், அன்றிலிருந்து ஒரு நாளும் நிறுத்தவில்லை. என் அம்மா ஏமாற்றியது உண்மைதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்பதை அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் கோபத்தை அவர் என் அம்மாவிடம் காட்டவில்லை. என் சோற்றில் காட்டினார். காய் குறைவாகவும் சோறு மலையாகவும் வைப்பார். மிச்சம் வைத்தால், "வயித்துப் புள்ளையப் பட்டினி போடுறா" என்று பக்கத்து வீடு வரை கேட்கச் சொல்வார்.

ஆறாம் மாதத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியது. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் ஏறியது. "சாப்பாட்டுல ஏமாத்துறீங்களா?" என்று அதட்டினார்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள், கம்ப்யூட்டர் திரையில் கறுப்பு நூல் ஒன்று மிதந்தது. தூசி என்று துடைத்தேன். போகவில்லை. தலையைத் திருப்பினால் நூலும் திரும்பியது. எண்பத்து மூன்று என்ற சர்வே நம்பரை முப்பத்து மூன்று என்று அடித்திருந்தேன். பத்திர எழுத்தர் காகிதத்தை என் முன்னால் வைத்து, "கண்ணு சரியில்லன்னா வூட்டுக்குப் போம்மா" என்றார்.

வழக்கமில்லாத மதிய நேரத்தில் வீட்டுக்குப் போனேன். பிரிட்ஜைத் திறந்தேன். இன்சுலின் இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனால், முந்திரிக் கொட்டை மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையில் மாமியார் உட்கார்ந்திருந்தார். அனலாய்க் கொதித்த அந்தத் தகரத்துக்கு அடியில், ஒரு மூட்டையின் மேல் என் ஊசிகள் கிடந்தன.

"தயிரு பாலு வைக்கிற எடத்துல அதென்ன ஊசி? நீ போனதும் எடுத்து வச்சிடுவேன். வர்றதுக்குள்ள திருப்பி வச்சிடுவேன். இப்ப என்ன கொறஞ்சிபோச்சு?" என்றார்.

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரமாம். கெட்டுப்போன மருந்தைத்தான் மூன்று வாரமாக வயிற்றில் குத்திக்கொண்டிருந்தேன். மருந்தைக் கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. இரண்டு புடவையைப் பையில் திணித்துக்கொண்டு குன்னத்துக்குக் கிளம்பினேன். புது மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு, மறுநாள் காலை பெரம்பலூரில் ஒரு கண் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அந்த டாக்டரம்மா என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணுக்குப் பின்னாடி இருக்கற சின்னச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் சுகரால ஏற்கனவே நைஞ்சிருக்கு. கர்ப்பத்துல அது இன்னும் வேகமா மோசமாகும். நல்லதில்லாத குழாய் புதுசா முளைச்சு, ஒண்ணு ஒடைஞ்சு கசியுது. கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே கண்ணைக் காட்டியிருக்கணும். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஊசி தகரக் கொட்டகை அனலில் கிடந்த கதையைச் சொல்லி, "அதனாலதானே டாக்டர்?" என்றேன்.

"அது நல்லதில்லதான். ஆனா மூணு வாரத்துல வர்ற வியாதி இல்லம்மா இது. வருஷக்கணக்கா உள்ள ஊறினது."

அவர் சொன்னது சரி. ஆனால் அன்று எனக்கு அந்தச் சரி வேண்டியிருக்கவில்லை. ஒரு பெயரைச் சொல்லிக் குற்றவாளி இவர்தான் என்று அவர் தீர்ப்பு எழுதித் தர வேண்டும் என்று இருந்தது.

லேசர் வைக்க நாள் குறித்தார்கள். அன்று கணவரோடு மாமியாரும் வந்தார், தடுக்க.

"கண்ணு போனா ஒருத்திக்குத்தான். புள்ளைக்கு எதுனா ஆனா எங்க வம்சத்துக்கே ஆச்சு. பெத்த பொறவு வச்சிக்கட்டும்" என்றார். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"லேசர் கண்ணத் தாண்டிப் போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மூணு வாரம் தகரத்துக்கடியில ஊசிய வச்சப்ப வம்சம் ஞாபகத்துக்கு வரலையா அத்தை?"

கணவர் என் கையைப் பிடித்து, "ஆஸ்பத்திரில வேணாம்மா, மெதுவா பேசு" என்றார். மெதுவாக, பக்குவமாக. அந்த மனிதருக்குத் தெரிந்த வார்த்தைகளே அவ்வளவுதான். கையை உதறிவிட்டு, படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டு உள்ளே போனேன். ஒவ்வொரு மின்னலும் ஊசியாய் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மாமியார் முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வெறுப்பும் ஒரு பிடிமானம்தான்.

எட்டாம் மாதம் பிரஷர் ஏறியது. நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தம் குறைகிறது, காத்திருக்க முடியாது என்று ஆபரேஷன் செய்து மகளை எடுத்தார்கள். சர்க்கரை தாழ்ந்துபோய் நான்கு நாள் அவளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மாமியார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிக்குஞ்சு கணக்கா இருக்கு. ஊசி குத்தியே வளரவுடாம பண்ணிட்டா" என்று நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் அவரை வெளியே போகச் சொன்னார். அந்த நர்ஸின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆண்டிமடத்துக்கு நான் திரும்பவில்லை. பெரம்பலூரில் வாடகைக்கு வீடு பார்த்தேன். இரண்டு மாதம் அங்கும் இங்கும் அலைந்த கணவர், கடைசியில் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். உள்ளே விட்டேன். அவரை முழுதாக மன்னித்துவிட்டேனா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

வலது கண் தப்பியது. இடது கண்ணில் கீழ்ப்பக்கம் புகை மூட்டம் போல ஒரு திட்டு நிற்கிறது. படி இறங்கும்போது கைப்பிடி இல்லாமல் முடியாது. மகளுக்கு நான்கு வயது, நன்றாக ஓடுகிறாள்.

போன மாதம் ஜெயங்கொண்டத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் மாமியார் எனக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தார். என்னிடம் பேசாமல், பக்கத்திலிருந்த பெண்ணிடம் எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "ஒண்ணோட நிறுத்திக்கிட்டா ஆச்சா? அடுத்தது எப்பன்னு கேளு."

"கண் டாக்டர்கிட்ட கேக்கணும், சுகர் டாக்டர்கிட்ட கேக்கணும். அவங்க சரின்னு சொன்னா அப்புறம் நான் யோசிக்கணும்" என்றேன். "ஒங்ககிட்ட கேக்கறதா இல்ல."

அவர் இலையை மூடிவிட்டு எழுந்து போனார். நான் ரசம் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டேன்.