சோற்றுக்குப் பழகிய பூஞ்சை

சோறு வெந்ததும் ஃபுவாதினோ முதல் பங்கைப் பூஞ்சைக்குத்தான் எடுத்து வைக்கிறாள். பைகளில் நிரப்பி, மறுபடி அவித்து, ஆறியதும் பூஞ்சை வித்தான பச்சைப் பொடியைத் தூவிக் கட்டுகிறாள். பிறகுதான் பிள்ளைகளுக்குக் கோக்கோ கலந்த சோறு. அவள் கணவன் தாவிதா மட்டும் சேப்பங்கிழங்கோடு நிறுத்திக்கொள்வான். "எதுல சோறு முடியுது, எதுல மருந்து தொடங்குதுன்னு யாருக்குத் தெரியும்?" என்பது அவன் கட்சி.

ஃபுவாதினோ என் ஒன்றுவிட்ட அக்கா. காதில் செம்பருத்தி இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் முகமூடிக்கு மேலேயும் பூ எட்டிப் பார்க்கும். தென்னையைத் துளைக்கும் காண்டாமிருக வண்டைப் பூஞ்சையால் கொல்வது அவள் வேலை. வண்டின் ஓட்டைக் கரைக்கும் நொதி பூஞ்சையிடம் உண்டு. அதற்கான மரபணு எந்த ரகத்தில் வலுவாக இருக்கிறதோ, அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறாள். நான் பல தேசம் சுற்றிவிட்டுச் சமோவா திரும்பிய அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, அங்கெல்லாம் தென்னைக்கு என்ன வியாதி என்பது.

மட்கிய தென்னந்தடிகளில் வண்டு முட்டையிடும். அதனால் எல்லாவற்றையும் கொளுத்தும்படி ஊர்ச்சபை உத்தரவிட்டது. ஃபுவாதினோ ஒரு குவியலை மட்டும் கெஞ்சி வாங்கி, அதில் பூஞ்சையைக் கலந்தாள். வருகிற வண்டெல்லாம் சாகும் என்று வாக்கும் கொடுத்தாள். வண்டு வந்தது. சாகவில்லை.

சபையின் தலைவர் லேயாதுவா வேலியோரம் வந்து நின்றார். "உன் புண்ணியத்துல வண்டெல்லாம் ரெண்டு சுத்து பெருத்திருக்கும்மா. எங்க தென்னைதான் மெலிஞ்சுபோச்சு." கிறிஸ்துமஸ் கழிந்து சபை கூடும் அன்றும் இதே கதை என்றால் குவியலுக்குத் தீ, வீட்டுப் பன்றி அபராதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. "தப்பு என்னோடதுடி," என்றாள் என்னிடம். "மாசக்கணக்கா சோத்துலயே வளத்தேன். மரபணு அப்படியேதான் இருக்கு, வேலைதான் மறந்துபோச்சு. உக்காந்த இடத்துக்குச் சோறு வந்தா எவன் ஓட்டை உடைப்பான்?"

அவள் பார்வை தாவிதா பக்கம் போனது.

"என்னை ஏன் பாக்குற?" என்றான் அவன்.

பிறகு உயிருள்ள வண்டுகளைப் பிடித்து, பூஞ்சைக் கரைசலில் முக்கிவிட்டாள். ஏதோ ஒன்றிரண்டு செத்தன. அவற்றின் மேல் முளைத்ததை எடுத்து அடுத்த வண்டுகளுக்குக் கொடுத்தாள். இந்த முறை அதிகம் செத்தன. இப்படி வண்டு வண்டாக வேலை பழகிவந்த பூஞ்சையைக் குவியலில் தூவினாள்.

சபை கூடும் காலையில் அவளும் நானும் தடிகளைப் புரட்டினோம். தாவிதா பன்றிக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தான். அடித்தடியின் கீழே ஒரு வண்டு மல்லாந்து கிடந்தது, உடம்பெல்லாம் பச்சை வெல்வெட் போர்த்தி. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் வரிசையாக.

ஃபுவாதினோ காதிலிருந்த செம்பருத்தியை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு வண்டைப் பொறுக்கி அதே இடத்தில் செருகிக்கொண்டு, சபை வீட்டுக்கு நடந்தாள்.