நாய்க்குச் சம்மதம், கருவாட்டுக்கு இல்லை

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் என் கணவர் எனக்கு விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "அது வந்தா நான் வரேன்" என்றார். அது என்றால் எங்கள் நாய்.

நான் சித்தியவானில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். வேலை வேண்டுமென்றால் கோலாலம்பூருக்கு வாருங்கள் என்றார்கள். ஓய்வு பெற எனக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து நாயையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை எனக்குக் கிடையாது. சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நேருக்கு நேர் மோதுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஒதுங்கி வழிவிடுவதுபோல விட்டு, அடுத்த வளைவில் மறித்துக்கொள்வார். கோலாலம்பூரில் நாயோடு வருகிறவர்களுக்கு யாரும் சுலபத்தில் வீடு தரமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு அது தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செம்பட்டை நிறம். ஒரு காது நிற்கும், இன்னொரு காது படுத்திருக்கும். எண்ணெய் ஆலையில் லோரி எடை போடுகிற மேடைக்கு அடியில் குட்டியாகக் கிடந்ததை இவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதன் பெயரை எழுத மாட்டேன். அதே பெயரில் ஊரில் ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்.

வீடு கிடைக்கும்வரை நான் கிள்ளானில் நாத்தனார் வீட்டுப் பின்னறையில் தங்கினேன். காலையில் கொம்யூட்டர் ரயில் பிடித்து வேலைக்குப் போவேன், சாயங்காலம் அதே ரயிலில் நின்றுகொண்டே திரும்புவேன். நாத்தனார் நல்லவர். ஆனால் தினமும் ஒருமுறை, "அண்ணி, நாய அண்ணன்கிட்டயே விட்டுட்டு ஒரு ரூம் எடுத்துக்குங்களேன், சிம்பிளா முடிஞ்சிரும்லா" என்பார். நாயை விட்டால் அண்ணனையும் விட்டதாக அர்த்தம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

எனக்குப் பயமாக இருந்தது. அதை இப்போது எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. நான் தனியாக வாழ்ந்தவளே இல்லை. அப்பா வீட்டிலிருந்து நேராக அவர் வீட்டுக்கு வந்தவள். ஐம்பத்தாறு வயதில் ஒரு அறையில் தனியாகச் சோறு வைத்து, தனியாகச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைக்கிற பெண்ணாக என்னை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவரிடம் சொல்லவில்லை. சாயங்காலம் போன் செய்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "இந்தா, அதுகிட்ட பேசு" என்று போனை நாயின் காதில் வைத்துவிடுகிற மனிதரிடம் என்ன சொல்வது?

வீட்டுத் தரகராக ஒரு சீனப் பெண் கிடைத்தாள். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். அவளிடமிருந்துதான் நகரத்து வீட்டுக்காரர்களின் கேள்வி வரிசையைக் கற்றுக்கொண்டேன். முதல் கேள்வி, எந்த இனம். இந்தியர் என்றதும் பாதி வீடுகள் அப்போதுதான் திடீரென்று வாடகைக்குப் போயிருக்கும். அது எனக்குப் பழகிப்போனதுதான். மிச்சமிருக்கிற பாதியில் நாய் என்றதும் கதவு சாத்தப்படும். செலாயாங்கில் ஒரு வீட்டுக்காரர் சரி என்றார், அடுக்ககத்து நிர்வாகக் குழு முடியாது என்றது. பூனை என்றால் பரவாயில்லையாம். இன்னொரு இடத்தில் எதிர்வீட்டில் தொழுகையைத் தவறவிடாத ஒரு முதிய மலாய்த் தம்பதி இருந்தார்கள். நடைவழி ஒன்றுதான், ஈர மூக்கோடு நாய் உரசினால் அவர்கள் கழுவிச் சுத்தம் செய்தாக வேண்டும். அவர்களுக்குச் சங்கடம் கொடுத்து அங்கே குடியிருக்க எனக்கே மனம் வரவில்லை.

"ஆன்டி, பூனைன்னு சொல்லிரலாமா?" என்று தரகுப் பெண் ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டாள். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பெரிய பூனைலா" என்றாள். அதோடு அந்த யோசனையைக் கைவிட்டோம். செமினியில் ஒரு தரை வீடு இருந்தது, நாய்க்கு வாசல்கூட இருந்தது. ஆனால் அங்கிருந்து வேலைக்கு வந்து போவதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து பிரிக்ஃபீல்ட்ஸில் ஒன்று அகப்பட்டது. மின்தூக்கி இல்லாத பழைய மூன்று மாடி அடுக்ககம். மேல்மாடியில் எதிரெதிரே இரண்டு வீடுகள், இரண்டும் ஒரே அம்மாவுக்குச் சொந்தம். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. ஒன்றில் அவர் இருந்தார், இன்னொன்றை வாடகைக்கு விடுவார். நாய் என்றதும் அவர் முடியாது என்று சொல்லவில்லை. "கூட்டிட்டு வாங்க, பாக்கணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைக்கு நடந்த ஏற்பாடுகளைப் பார்த்தால் பெண் பார்க்க வருகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஊரில் நாய்க்கு இரண்டு நாள் தொடர்ந்து குளியல். நகம் வெட்டி, கழுத்துக்குப் புதுப்பட்டை வாங்கி, நகராண்மைக் கழக லைசென்ஸையும் தடுப்பூசி அட்டையையும் பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, இவர் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். இவரும் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்தபடியாக அன்றுதான் அப்படி ஒரு மடிப்பைப் பார்த்தேன். நான் ஒரு தட்டில் ஆரஞ்சும் ஆப்பிளும் வாங்கி வைத்திருந்தேன். முதல்முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

டீச்சர் கதவைத் திறந்தார். நெற்றியில் பளிச்சென்று திருநீறு. நாயை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "உக்காரு" என்றார். நாய் உட்கார்ந்தது. என் கணவரும் உட்கார்ந்தார்.

நேர்காணல் கால் மணி நேரம் நடந்தது. என்ன வயது, குரைக்குமா, யாரையாவது கடித்திருக்கிறதா, மாடிப்படியில் அசிங்கம் செய்யுமா. இவர் ஒவ்வொன்றுக்கும் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். நாய் அவ்வளவு நேரமும் முன்னங்காலை நீட்டி, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையைப்போல் இருந்தது. டீச்சரின் முகம் மெல்ல இளகியது. கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அப்போதுதான் இவர் தோள்பையிலிருந்து நாளிதழில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்து, என் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நாயின் மூக்கு முதலில் திரும்பியது. அடுத்து டீச்சரின் மூக்கு.

"என்னது இது?"

"பங்கோர் கருவாடு, டீச்சர்." இவர் குரலில் அப்படி ஒரு பெருமை. "குராவ் மீனு. கடையில இந்தத் தரம் கெடைக்காது. தெரிஞ்ச சீனரு ஒருத்தரு, அவருகிட்ட சொல்லி வச்சு வாங்கினது."

பங்கோர் எங்கள் ஊருக்கு எதிரே இருக்கிற தீவு. எங்கள் பக்கத்திலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் இதுதான் மரியாதை. கடல் பக்கத்து ஊர்க்காரர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? ஆனால் திருநீற்றைப் பார்த்தாவது ஒரு மனிதர் யோசிக்க வேண்டாமா?

"நான் சைவம்" என்றார் டீச்சர். "இருவத்தி ரெண்டு வருஷமா."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். "பரவால்ல டீச்சர், வர்ற போறவங்களுக்கு ஆவும்லா" என்றார் இவர். நாய் என்ன சாப்பிடும் என்று டீச்சர் கேட்டதற்கு, "நான் சாப்புடறதுதான். ரெண்டு பேருக்குமே கருவாடு இல்லாட்டி கஷ்டம்" என்று உண்மையைச் சொன்னார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாதுகாப்புக்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

டீச்சர் எழுந்தார். இவர் அங்கே இல்லாததுபோல என்னிடம் மட்டும் பேசினார். "நாய் நல்ல நாய்ம்மா. அது வரலாம். கருவாடு வரக்கூடாது. நடுவுல இருக்கறது ரெண்டு கதவு, வாடை நேரா என் சாமி ரூமுக்கு வரும். உங்க வீட்டுக்காரர் அது இல்லாம இருப்பாரான்னு கேட்டுட்டு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லுங்க." பழத்தை எடுத்துக்கொண்டார். பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கி இவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் இவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். மறைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. நாயை வைத்துத் தப்பிக்கப் பார்த்தார், நாய் தேறிவிட்டது. இப்போது கையில் கருவாடு கிடைத்துவிட்டது.

"கருவாடு இல்லாம எப்படிம்மா" என்று ஆரம்பித்தார். "வேற எடம் பாப்போம். இல்லாட்டி நீ கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி வீட்டுலயே இரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வேற எடமே வேணாம்" என்றேன். "டீச்சர் நாய்க்கு ஓகே சொல்லிட்டாங்க. நாயும் நானும் போறோம். நீங்களும் கருவாடும் சித்தியவான்ல சந்தோஷமா இருங்க."

சும்மா மிரட்டுகிறேன் என்றுதான் நினைத்தார். வெள்ளிக்கிழமைக்கு முன்பே டீச்சரிடம் சம்மதம் சொல்லி முன்பணம் கட்டிவிட்டேன்.

குடிபோன அன்று இவரே காரில் நாயையும் என் சாமான்களையும் கொண்டுவந்து மூன்று மாடி ஏற்றினார். பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்ததும், "நல்லா பொங்கிருச்சு" என்றார் டீச்சர், சுவரைப் பார்த்து. இவர் ஒரு டம்ளர் பால் குடித்தார். மின்விசிறியை மாட்டினார், குழாயில் ஒழுகியதைச் சரிசெய்தார். பிறகு நாயின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "வரேன்" என்று கிளம்பினார். இருங்க என்று நான் சொல்லவில்லை. இருக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த பன்னிரண்டு நாளும் நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்தது. ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வந்தது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். நாய் வாசல் பக்கமே தலையை வைத்துப் படுத்திருந்தது. அதைக் கேலி செய்யக்கூட எனக்கு மனமில்லை, நானும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் அவரிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றேன். அங்கேயும் நன்றாக இருக்கிறது என்றார். நாயிடம் கொடு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஒரே ஒரு நல்ல விஷயம், சாயங்காலம் ஐந்து மணிக்கு நாயை டீச்சர் நடக்கக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். போய்விட்டு வந்து கீழே வாசலில் ஒரு நாற்காலி போட்டு அதற்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருப்பார்.

பதின்மூன்றாம் நாள் நான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. திறந்தால் இவர். மூச்சு வாங்கியது. கையில் பெரிய துணிப்பை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எளச்சுப் போயிட்டே" என்றார்.

நான் சுலபத்தில் விடுகிறவளா? பையை வாங்கி முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. "என்ன திடீர்னு?" என்றேன்.

"நாய பாக்க வந்தேன். அது நெனப்பாவே இருந்துச்சு."

"அது கீழ டீச்சரோட இருக்கு."

"அப்படியா" என்றார்.

அதற்குள் படியில் காலடிச் சத்தம். நாய் முன்னால் பாய்ந்து வந்து இவர்மேல் விழுந்தது. பின்னாலேயே டீச்சர், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கோபமாக.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாதா, காது கேக்காதா? கேட்டுலதான் உக்காந்திருக்கோம். இது கொரைக்குது, வால ஆட்டுது, கயித்த இழுக்குது. நானும் கூப்புடறேன். மனுஷன் திரும்பிக்கூட பாக்காம எங்களத் தாண்டி ஓட்டமா படி ஏறிட்டாரு."

நான் இவரைப் பார்த்தேன். "படி செங்குத்தா இருக்குல்ல, பாத்து ஏறணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே நாயின் பக்கம் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"எப்ப திரும்பணும்?" என்று கேட்டேன்.

அவர் நிமிரவில்லை. நாயின் படுத்த காதை நிமிர்த்திவிட்டுக்கொண்டே, அதனிடம் சொன்னார். "வீட்டப் பூட்டி, சாவியப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்."