வாயைப் பொத்திய கை

மூன்று வருசத்துக்கு முன், 1978இல், மாரி மழை ஓய்ந்த ஒரு தை மாதம். திருகோணமலையில் அன்புவழிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய குளமும் அதன் கரையில் சிறுவர் பூங்காவும் இருந்தன. கணவர் துறைமுக வேலைக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, ஆறு வயது மகளை அங்கே கூட்டிப்போனேன்.

ஊஞ்சல் பக்கம் கரை மணலாக, ஆழமில்லாமல் இருக்கும். ஆனால் நிழல் கிடையாது. அதனால் நான் எதிர்க்கரையில், மரத்தடியில் போட்டிருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து அவள் நன்றாகத் தெரிவாள். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண். கிண்ணியாவிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் இளைப்பாற வந்திருந்தார். பிள்ளைகளைச் சாப்பிடவைக்கப் படுகிற பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கதைத்தபடியே அவர் குளத்தில் எருமைகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளின் பந்து தண்ணீரில் விழுந்ததை நான் காணவில்லை. நிமிர்ந்தபோது அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பி, என்னை நோக்கி நேராக நடக்கத் தொடங்கினாள். மறுபடி கத்த வாய் திறந்தேன். அந்தப் பெண்ணின் கை என் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாதீங்க தங்கச்சி. நீங்க கூப்பிட்டா புள்ள நேரா இஞ்சதான் வரும். நடுவுல பள்ளம். எரும கழுத்தளவுக்குப் போனத இப்பதான் கண்டன்."

எங்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது. மகளை நிற்கும்படி கையைக் காட்டினேன். நின்றாள்.

"சுத்திப் போங்க. ஓடாதீங்க, புள்ள பயந்திரும். அங்கால போய் சிரிச்ச முகத்தோட கூப்பிடுங்க" என்றார்.

கரையைச் சுற்றி நடந்தேன். நான் நடக்க நடக்க, மகளும் நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். ஊஞ்சல் பக்கம் போய், மணலில் குந்தி, கைகளை நீட்டிக் கூப்பிட்டேன். போன வழியாலேயே கரைக்கு வந்துவிட்டாள்.

"பந்து போயிட்டுது. ஏனம்மா சிரிக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

அதன் பிறகுதான் அழுதேன். அந்தப் பெண்ணும் சுற்றி வந்து சேர்ந்தார். அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். என் பற்கள் பதிந்திருந்தன. கடித்தது எனக்குத் தெரியவே தெரியாது.

"புள்ளய விட உங்களப் புடிக்கத்தான் ஏலாமப் போச்சு" என்று சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது மகள் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறாள். கொஞ்சம் பிந்தினாலும் வாசல் படலையடிக்கு ஓடிவிடுகிறேன். றோட்டின் மறுபக்கத்தில் அவளைக் கண்டதும் வாய் தானாகத் திறக்கிறது. அந்தக் கை வந்து பொத்துகிறது. என் குரல் அவளை எந்த வழியாக இழுக்கும் என்று பார்த்த பிறகே அவள் பெயரைச் சொல்கிறேன்.