எட்டாவது டிராக்

பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு ஏற்றிக் கொடுக்கும் தொழிலில், நாடாவைவிட அதன் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. பரண்மேல் கிடக்கும் கேசட் பெட்டியை எறியவும் மனமில்லாமல், போட்டுக் கேட்கவும் வழியில்லாமல் இருக்கிறீர்களா? என் பாடு உங்களுக்குப் புரியும்.

வத்தல்

வெளிநாட்டு ஸ்டுடியோவில் இருபது வருஷம் இருந்துவிட்டு, ஒரு எட்டு டிராக் மெஷினோடு கடலூருக்குத் திரும்பினேன். அகலமான ஒரே நாடாவில் எட்டுக் கோடு. தவில் ஒன்றில், புல்லாங்குழல் ஒன்றில், குரல் ஒன்றில் என்று தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். அப்படி ஒரு நாடாவை சிதம்பரத்திலிருந்து சண்முகம் கொண்டுவந்தார். அவர் அப்பா கேசட் கம்பெனி நடத்தியவர். நாடாவில் இருந்தது அம்மன் பாட்டு. பாடியவர் சண்முகத்தின் மாமனார். அவருடைய எண்பதாம் கல்யாணத்துக்குள் பாட்டைப் புதுசாக்கி யூடியூபில் ஏற்ற வேண்டும்.

கடல் காற்றில் நாடா பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து இளஞ்சூடுதான். காளான் உலர்த்தும் மின்பெட்டியை வாங்கி, அதற்குள் நாடாச் சுருளை வைத்து மணிக்கணக்காகக் காவல் இருந்தேன். பார்க்க வந்த என் மனைவியின் தம்பி சொன்னான்: “அவ்ளோ தூரம் போயி படிச்சிட்டு வந்து, டேப்ப வத்தல் போடுறியே மச்சான்.”

தாளில் ஒரு பெயர்

நாடா டப்பாவுக்குள் மடித்த தாள் ஒன்று. எந்தக் கோட்டில் என்ன என்ற பட்டியல். ஏழாவதில் மாமனார் பெயர். எட்டாவதில், ‘டிராக் – அஞ்சலை, தேவனாம்பட்டினம்.’ பெரிய பாடகர் வருவதற்கு முன் யாராவது ஒருவர் மெட்டைப் பாடி வைப்பார். பாடகர் அதைக் காதில் கேட்டுக்கொண்டே பாடுவார். அதற்குப் பெயர்தான் டிராக் பாடுவது. கேசட் வரும்போது அந்தக் குரல் அதில் இருக்காது.

எட்டாவது வேண்டாம், ஏழு போதும் என்று சண்முகம் போன் பண்ணினார். இந்த நாடா இருக்கும் இருப்பில் ஒரு தடவைதான் ஓடும், ஓடும்போது எட்டையும் எடுப்பேன், ஒன்றை மட்டும் மூட மாட்டேன் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டெய்லரு அளவுக்கு வெட்டுன பேப்பர யாராவது சட்டையோட சேத்து தெப்பாங்களா சார்?”

ஒரே ஓட்டம்

ஓடியது. பாட்டு முடிந்தபோது, மெஷினில் நாடா உரசிப் போகும் தலையெல்லாம் நாடாவிலிருந்து உதிர்ந்த பழுப்புப் பொடி. எட்டும் கணினிக்கு வந்துவிட்டன, நாடாவில் இனி அழிக்கக்கூட ஒன்றுமில்லை. எட்டாவது டிராக்கைத் தனியாகப் போட்டேன். இளம்பெண்ணின் குரல், கூச்சமே இல்லாமல்.

தேவனாம்பட்டினத்தில் விசாரித்ததில் அஞ்சலை அக்கா கிடைத்தார். மீன் மார்க்கெட்டில் கடை போட்டிருக்கிறார். ஆடி மாதம் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், நான் பாடிக் காட்டின பாட்டு என்று வீட்டில் சொல்வாராம். புருஷன் முதல் மருமகள் வரை ஒருத்தரும் நம்பியதில்லை.

எட்டாவதைக் கேட்டுவிட்டு சண்முகம் உடனே அழிக்கச் சொன்னார். வேறு ஆளிடம் போவதாக மிரட்டினார். தாராளமாகப் போங்கள், ஆனால் நாடாவில் இருந்தது இப்போது மெஷின் தலையைத் துடைத்த என் பஞ்சில் இருக்கிறது என்றேன். உங்கள் மாமனார் பாடியதில் நான் கை வைக்கவில்லை, அவருக்கு முன்னால் பாடியவரிடமும் வைக்க மாட்டேன் என்றேன். சட்டம் பேசினார். பிரதி யாருக்கும் தர மாட்டேன், ஆனால் அந்த அம்மா இங்கே வந்து கேட்பார், நீங்களும் வாருங்கள் என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: “மாமனாரு காதுக்குப் போச்சின்னா எனக்கு அந்த வூட்ல சோறு கெடையாது சார்.”

மூச்சு

மார்க்கெட் முடிந்து மத்தியானம் அஞ்சலை அக்கா வந்தார். மருமகளையும் இழுத்துவந்திருந்தார். சண்முகம் மூலையில் ஒரு நாற்காலியில். எட்டாவதைப் போட்டேன். மருமகள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. மீனுக்குச் செவுள் பார்ப்பதுபோல் கேட்டார். பிறகு ஏழாவதைப் போடச் சொன்னார். ரெண்டாவது சரணத்தை மட்டும் இரண்டு பேர் குரலிலும் மாற்றி மாற்றி மூன்று தடவை போடவைத்தார்.

அப்புறம் சண்முகம் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார்: “ஒங்க மாமனாரு நல்லாத்தான் பாடியிருக்காரு தம்பி. அன்னிக்கி எனக்கு மூச்சு பத்தாம நடுவுல ஒரு எடத்துல நிறுத்திட்டேன். நிறுத்தவே கூடாத எடம். அவுரும் கரெக்டா அங்கயே நிறுத்தியிருக்காரு பாருங்க.”

எட்டு டிராக்கும் ஏற்றிய பென் டிரைவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு சண்முகம் சிதம்பரம் பஸ் ஏறினார். என் கணினியில் இருப்பதை அழிக்கச் சொல்லி அதன்பின் போன் வரவில்லை, வந்தாலும் எடுக்கிற உத்தேசம் எனக்கில்லை.