ரொக்கம் வாங்கிய மெஷின்

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரொக்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். எதை வாங்கினாலும் காசைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பொருளைத் தொடுவார். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே சாக்கடையை மிதித்தவர் மாதிரி முகம் சுளிப்பார். அந்தப் பட்டப்பேரில் அவருக்கு அப்படி ஒரு பெருமை, எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

அத்தான் செருப்புக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி செய்துகொண்டிருந்தார். இரண்டே அறை. முன்னறையில் அவர் அட்டையை வெட்டுவார். பின்னறையில் அக்காவும் நாலு பெண்களும் மடித்துப் பசை தடவி ஒட்டுவார்கள். பசை காய்ந்து காய்ந்து அக்காவின் விரல் நுனியெல்லாம் உரிந்துகொண்டே இருக்கும். நான் அட்டை மண்டியில் லோடு வண்டி ஓட்டுகிறவன். அவர் கடைக்கு அட்டை இறக்குவதும் நான்தான் என்பதால் எல்லாவற்றையும் பார்த்துத் தொலைக்க வேண்டியதாயிற்று.

ஒரு ஷூ கம்பெனி பெரிய ஆர்டரோடு வந்தது. மாதாமாதம் பெட்டி வேண்டும். கையால் வெட்டினால் கட்டுப்படியாகாது, பஞ்சிங் மெஷின் வேண்டும். அத்தானுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போய் பேங்க் மேனேஜர் அம்மா முன்னால் உட்கார வைத்தேன்.

"மெஷின் பல வருஷம் ஓடப்போற பொருள். அதுக்கு நாங்க கடன் தர்றோம், அது சம்பாதிச்சே மெதுவா அடைச்சிடும்" என்றார் அவர். "உங்க கைக்காசை மட்டும் அதுல போட்டுடாதீங்க. அட்டை வாங்கணும், கூலி கொடுக்கணும். கம்பெனி பணம் கைக்கு வர மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கடை ஓடறதுக்கு அந்தக் காசுதான் வேணும்."

அத்தான் பவ்யமாகத் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் சுருதி மாறிவிட்டது. "என் மெஷினுக்கு நான் வட்டி கட்டணுமாக்கும்? அந்தம்மாவுக்கு ஆள் பிடிக்கிறதுதானே வேலை, மாப்ள."

"அவங்க சொன்னதுல என்ன தப்பு அத்தான்?"

"சொந்தக் காசுல வாங்கினா நிம்மதியாத் தூக்கம் வரும். நீ வண்டியை எடு."

இருந்ததையெல்லாம் வழித்துத் துடைத்துக் கொடுத்துப் பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். அதிலும் ஒரு சாமர்த்தியம். பில் வேண்டாம் என்றால் வரி மிச்சம், விலையும் குறையும் என்றான் தரகன். பில் இல்லாமலே வாங்கி, மிச்சம் பிடித்ததை எங்களிடம் மார்தட்டிச் சொன்னார். எங்கள் தொழிலில் இதற்குப் பேர் புத்திசாலித்தனம்.

பொய் சொல்லக் கூடாது, மெஷின் அருமையான மெஷின். முதல் லோடு பெட்டி சொன்ன தேதியில் போனது. அதற்கான பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். அடுத்த லோடுக்கு அட்டை வாங்கக் கையில் ஒன்றும் இல்லை.

அத்தான் எங்கள் மண்டி முதலாளி முன்னால் போய் நின்றார். நான் வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மூணு மாசம் பொறுத்துக்கிட்டீங்கன்னா..." என்று இழுத்தார் அத்தான்.

"ரொக்கம், வேற யார் கேட்டாலும் கொடுத்திருப்பேன்" என்றார் முதலாளி. "அவங்க எப்படித் திருப்பித் தருவாங்கன்னு எனக்கு அத்துப்படி. நீங்க இத்தனை வருஷத்துல என்கிட்ட கடனே வாங்கினதில்லையே. உங்களை எதை வெச்சு நம்பறது?"

அட்டை தராததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த மனுஷனின் பெருமையையே எடுத்து அவர் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

பேங்குக்குப் போனோம். மேனேஜர் அம்மா முகத்தில் அடித்தாற்போல் பேசவில்லை. மெஷினை அடமானமாக எடுத்துக்கொண்டு தருவதாகச் சொல்லி, பில்லைக் கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அது உங்க மெஷின்னு காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கணக்குலயும் வரவு செலவு இல்லை. நான் என்னங்க செய்ய முடியும்?" என்றார் அவர்.

மிச்சமிருந்தவர் தினவட்டிக்காரர் ஒருவர்தான். அவர் பில் கேட்கவில்லை. கொடுத்தது பாதி லோடுக்குத்தான் வந்தது. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் பொறுத்தார்கள், பிறகு ஆர்டரை வேறு இடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வரவேண்டிய பணமெல்லாம் கடைசியில் வந்தது, வந்த வேகத்தில் வட்டிக்குப் போனது. அசல் மட்டும் அப்படியே நின்றது. கூலி கிடைக்காத நாலு பெண்களும் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள்.

கடை நஷ்டத்தில் போகவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு பெட்டியிலும் லாபம் இருந்தது. அந்த லாபம் வந்து சேரும்வரை தாங்கக் கடைக்கு உயிர் இல்லை.

"அந்த ஆர்டர் வராமலே இருந்திருந்தா நாம நல்லா இருந்திருப்போம், இல்லடா தம்பி?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள், மேஜையில் காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டே.

பக்கத்துத் தெருப் பெட்டிக்காரர் மெஷினை விலைக்குக் கேட்டார். பேங்க் கடனில் வாங்குகிறவர், அதனால் பில் வேண்டுமென்றார். அத்தான் தன் பில் புத்தகத்தை எடுத்து, வாங்கும்போது தான் கட்டாமல் தப்பித்த வரியையும் சேர்த்துத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.

கடன் கொடுக்குமுன் மெஷினைப் பார்க்க அதே மேனேஜர் அம்மா வந்தார். சுற்றிப் பார்த்தார். "மெஷின் சரி. இதை ஓட்டத் தெரிஞ்ச ஆள் வேணுமே?" என்று பக்கத்துத் தெருக்காரரிடம் கேட்டார்.

"இவரேதான் மேடம். மெஷினோட இவரையும் எடுத்துக்கறேன். சம்பளம் பேசியாச்சு."

பின்னறை வாசலில் நின்ற அக்காவுக்கு அது அப்போதுதான் தெரியும். அவள் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுவிட்சைப் போட்டார், ஒரு அட்டையைக் கொடுத்து வெட்டினார், மடித்து மேனேஜர் அம்மாவிடம் நீட்டினார். மூலைக்கு மூலை கச்சிதமாக இருந்தது.

அந்த அம்மா காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். "கடன் கிடைச்சிடும்" என்றார் பக்கத்துத் தெருக்காரரிடம்.

"ரொம்ப நன்றி மேடம்" என்று முதலில் சொன்னது அத்தான்தான்.