முதுகுவலியை மீறித் தங்கம்

விளையாட்டுப் பக்கத்துக்கு எழுதுகிறவனுக்கு, வலி இல்லாத வெற்றி பாதிச் செய்திதான். ஜாசின் மாவட்டத்துப் பள்ளித் திடல்களில் இருபது வருடங்களாக வெயிலில் காய்கிறேன். பிள்ளையைப் பயிற்சிக்கு ஏற்றி இறக்கி, தைல வாசனையோடு குடியிருக்கும் பெற்றோரே, இது நமக்குப் பொதுவான கதை.

நல்ல தலைப்பு

மெர்லிமாவில் மாவட்டப் போட்டி. நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பெண் யாழினி, பதினாலு வயது, இரண்டாம் படிவ மாணவி, ஈட்டி எறிதலில் முதலாவதாக வந்தாள். பதக்கம் வாங்கக் குனிந்தவள், நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். விசாரித்தேன். பின்னால் வளைந்து எறியும்போது கீழ்முதுகில் குத்துகிறது, மூன்று வாரமாக, என்றாள். பக்கத்தில் நின்ற பயிற்சியாளர், "வளர்ற வயசுலா அண்ணே, எல்லாப் பிள்ளைங்களுக்கும் இருக்கும்" என்று சிரித்தார்.

டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, தலைப்புதான் தோன்றியது. 'முதுகுவலியை மீறித் தங்கம்.' மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்தது. அன்று காலையே அவளுடைய அப்பா முனியாண்டி கூப்பிட்டார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். "அண்ணே, தோட்டமே பார்த்துருச்சு! ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகூட என்னை 'யாழினி அப்பா'ன்னுதான் கூப்பிடுறாரு."

சுவரில் தொங்கியது

அந்தத் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குச் செய்தி எடுக்கப் போனேன். முனியாண்டி விடவில்லை, வீட்டுக்கு இழுத்துப் போனார். நான் எழுதியது லேமினேட் செய்யப்பட்டு டிவிக்கு மேலே தொங்கியது. கீழே பாயில் யாழினி குப்புறப் படுத்திருந்தாள். அம்மா முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், மசாஜ் செய்யும் அம்மாவிடமும் இரண்டு தடவை காட்டியிருந்தார்கள்.

அம்மா தேநீர் கலக்க உள்ளே போனார். முனியாண்டி யாரையோ கூப்பிட வாசலுக்குப் போனார். "கொஞ்ச நாள் எறியாம இரேன்மா" என்றேன். அவள் பாயிலிருந்து தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள்.

"வலிச்சாலும் எறியிற பொண்ணுன்னு போட்டுட்டீங்க. இனிமே வலிக்குது, வரலன்னு எப்படி அங்கிள் சொல்றது?"

மூன்றாவது எறி

அதை அப்போதே முனியாண்டியிடம் சொல்லியிருக்கலாம். மாநில அணிக்கான தேர்வுப் போட்டிக்குப் பத்து நாள் இருந்தது. தேறினால் விளையாட்டுப் பள்ளியில் இடம். அந்த இடத்தை என் வாயால் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

தேர்வில் இரண்டு முறை நன்றாகவே எறிந்தாள். மூன்றாவது முறை ஈட்டி கையை விட்டுப் போனது; அவள் முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். எழ முடியவில்லை. ஆம்புலன்ஸ் பின்னாலேயே நானும் பயிற்சியாளரும் மருத்துவமனைக்குப் போனோம். முனியாண்டி லாரியை வழியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

முதுகெலும்பில் அழுத்தத்தால் விரிசல் என்று ஸ்கேனில் தெரிந்தது. பல மாதம் இடுப்பில் பட்டை, ஈட்டியைத் தொடக்கூடாது. ஆரம்பத்திலேயே ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் தமிழ் டாக்டரம்மா. எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். முனியாண்டி, "பேப்பர்ல வந்தப்பவே இருந்துச்சு டாக்டர்" என்றார். பயிற்சியாளர் தரையைப் பார்த்தார். நானும்தான்.

"பேப்பர்லயே வந்துச்சா? அப்ப ஊருக்கே தெரியும். ஒருத்தர்கூட கூட்டிட்டு வரலையா?"

பெம்பானிலிருந்து ஓர் அழைப்பு

விளையாட்டுப் பள்ளி இடம் வேறு பெண்ணுக்குப் போனது. யாழினி மறுபடி எறிவாளா என்று டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் முதுகுவலியை அலட்சியம் செய்யாதீர்கள் என்று அரைப் பக்கம் எழுதி அனுப்பினேன். என் தலைப்பையும் அதில் ஒப்புக்கொண்டிருந்தேன். ஆசிரியர் குழுவில் அதை நாலு வரியாக்கி, ஒரு மூலையில் போட்டார்கள்.

அதையும் ஒருவர் படித்திருந்தார். பெம்பானிலிருந்து கூப்பிட்டார். மகன் ஹாக்கி ஆடுகிறானாம். அவனுக்கும் முதுகு வலியாம். ஒருவராவது விழித்துக்கொண்டாரே என்று, எந்த டாக்டரிடம் போகலாம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"அதெல்லாம் பார்த்துக்கலாம்லா அண்ணே. வலியோடதான் ஆடுறான், ஞாயித்துக்கிழமை ஃபைனல். அந்தப் பொண்ணுக்குப் போட்ட மாதிரி இவனுக்கும் பெருசா போடுவீங்களா?"

இப்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் பெயரைக் கேட்பதற்கு முன் அப்பாவைக் கூப்பிடுகிறேன். வருகிற அப்பா, படம் எடுக்கத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துச் சட்டையைச் சரிசெய்துகொண்டு வருகிறார்.