மேல்வீட்டு லினக்ஸ்

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டத்துக்கேற்பக் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துவது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி மறுபடி தேய்ப்பார். நாற்பத்தோரு வயதிலும் கை நடுங்காததால், இணையத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஐவர் அணி ஒன்றில் அவருக்கு நிலையான இடம் இருந்தது. நிம்மதிதான் இல்லை. காரணம், சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். அதே கட்டடத்தில் மேல்வீடு. அதே அணியில் மாற்று ஆட்டக்காரன்.

சகலை தன் கம்ப்யூட்டரில், விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் போட்டான். மூன்றே வாரத்தில் தரவரிசையில் அவரைத் தாண்டிவிட்டான்.

“என்ன தம்பி, திடீர்னு இந்த வேகம்?”

“லினக்ஸ்ண்ணே. தேவையில்லாதது எதுவும் பின்னால ஓடாது. வேணும்னா வந்து போட்டுத் தரேன்.”

“நமக்கெதுக்குப்பா அதெல்லாம்.”

சொன்னவர் அன்று மாலையே லினக்ஸ் ஏற்றப் பென்டிரைவ் வாங்கினார். பொறாமைக்காரர், அடுத்தவரைப் பார்த்து எதையும் செய்வார். அவரைக் கேட்டு மட்டும் செய்யமாட்டார். அணி ஆடிக்கொண்டிருந்த லீக் போட்டியின் அரையிறுதிக்கு முதல் நாள், ‘வட்டை முழுவதும் அழிக்கலாமா?’ என்று திரை பவ்யமாகக் கேட்டது. அழித்தார். இருந்த விண்டோஸும் அதோடு போனது. விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. மேல்வீட்டுக்கு இனித் தூக்கம் வராது என்று நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் காலை லீக்கில் நுழையப் போனபோதுதான் கதவு திறக்கவில்லை. சாதாரண ஆட்டத்துக்கு லினக்ஸ் போதும். லீக்குக்கோ, திருட்டாட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்கும் காவல் நிரல் ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கவேண்டும். அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

ஹெட்போனில் அணித் தலைவர் கத்தினார். “எங்க சார் இருக்கீங்க? இன்னும் இருபது நிமிஷம்தான். உங்க சகலைய எறக்கிடட்டுமா?”

மவுஸைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியேறினார். மைத்துனி கதவைத் திறந்தாள்.

“என்ன அத்தான், எலிய வாலோட புடிச்சிட்டு வர்றீங்க?”

சகலை விஷயத்தைக் கேட்டான். சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. “நான் ரெண்டையும் வெச்சிருக்கேன்ணே. லீக்னா விண்டோஸ், மத்ததுக்கு லினக்ஸ்.”

“அதச் சொல்லவே இல்லையே நீ?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

விண்டோஸைத் திறந்துவிட்டு எழுந்தான். “உக்காருங்க. நேரமாவுது.”

‘நானே ஆடிடறேன்’ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இடம் அவனுடையது. அவனிடத்தில் தாம் இருந்திருந்தால் சொல்லியிருப்போம் என்பது, நாற்காலியில் உட்காரும்போது அவருக்குக் குத்தியது.

ஆனால் அன்று ஆடியதுபோல் அவர் என்றுமே ஆடியதில்லை. கடைசிச் சுற்றில் இவர் ஒருவர், எதிரே மூவர். மூவரையும் சாய்த்தார். சாய்த்த கையோடு திரும்பிப் பார்த்தார், சகலையின் முகம் கொஞ்சமாவது சுண்டியிருக்குமா என்று.

சகலை கட்டில்மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தான். “பாத்தியாடி உங்கத்தான! ஒத்த ஆளு, மூணு பேரு!”

“எறங்குடா, கட்டில் ஒடஞ்சிடப் போகுது” என்று சொல்லிவிட்டு, மவுஸைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தார்.

“ஜெயிச்சுட்டீங்களாமே?” என்றாள் மனைவி. “தங்கச்சி இப்பதான் போன்ல சொன்னா. மொகம் ஏங்க இப்படி இருக்கு?”

“அவனுக்குக் கொஞ்சங்கூட வயித்தெரிச்சல் இல்லடி.”

“நல்லதுதானே?”

“அதான் எரியுது.”